வாட்ச் 84 காட்டுகிறது, பையன் மூச்சு வாங்குகிறான்: நீச்சல் பயிற்சியில் இதயத்துடிப்பை எப்படி நம்புவது?

கேள்வி: திருச்சியில் 25 மீட்டர் குளம் ஒன்றில் 13 முதல் 17 வயது வரையுள்ள 11 பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிறேன். இந்த வருடம் மூன்று பேரின் பெற்றோர் இதயத்துடிப்பு காட்டும் வாட்ச் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் நெஞ்சில் கட்டும் பட்டை வாங்கியிருக்கிறார். வாட்ச் சில சமயம் 84 என்கிறது, பையனோ சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறான். நெஞ்சுப்பட்டை, டர்ன் போட்டுச் சுவரை உதைத்ததும் வயிற்றுக்கு இறங்கிவிடுகிறது. '220-இல் வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு' என்று படித்தேன். 15 வயதுப் பெண்ணுக்கு 205 வர வேண்டும், எவ்வளவு விரட்டினாலும் 188-ஐத் தாண்டவில்லை. அவள் முழு முயற்சி போடவில்லையா? 11 பேருக்கும் கருவி வாங்கச் சொல்லலாமா? இன்னொன்று: 14 வயதுப் பையன் ஒருவன் போன மாதம் 200 மீட்டர் நீந்தும்போது நடுவில் சில நொடி நினைவிழந்தான். தூக்கி வெளியே எடுத்தோம், உடனே தெளிந்துவிட்டான். மூன்று வாட்ச்சில் முதலாவது அவன் அப்பா பயந்துபோய் வாங்கியதுதான். அது போதுமா?

பதில்:

அன்புள்ள பயிற்சியாளருக்கு,

நீங்கள் கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன், அது காத்திருக்கக் கூடாத விஷயம். அந்தப் பையனை இதயநோய் மருத்துவர் பார்த்துச் சம்மதம் சொல்லும்வரை குளத்தில் இறக்காதீர்கள். மெதுவாக நீந்தட்டும், ஓரமாக நீந்தட்டும் என்ற சமாதானமும் வேண்டாம். உடனே தெளிந்துவிட்டான் என்பதைப் பெற்றோர் நல்ல செய்தியாக எடுத்துக்கொள்வார்கள். மருத்துவர் அப்படி எடுத்துக்கொள்ள மாட்டார். உடல் உழைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் திடீரென நினைவு போய், சில நொடியில் திரும்பி வருவது இதயத்தின் மின்னோட்டக் கோளாறாக இருக்கலாம். 'லாங் க்யூடி' என்ற பரம்பரைக் கோளாறு இருக்கிறது. அதன் முதல் வகையில் நீச்சலே இதயத்தின் தாளம் கெடுவதைத் தூண்டிவிடும் என்பது மருத்துவர்கள் நன்கு அறிந்த விஷயம். முதல் அறிகுறியே குளத்தில் மயங்குவதாக இருக்கும் பிள்ளைகள் உண்டு.

வாட்ச் துடிப்பை எண்ணும், அவ்வளவுதான். ஒவ்வொரு துடிப்புக்குள்ளும் மின் அலை எப்படிப் போகிறது, எங்கே நீள்கிறது என்பது ஈசிஜி தாளில்தான் தெரியும். சில கோளாறுகளில் படுத்திருக்கும்போது எடுத்த ஈசிஜி சரியாகவே இருக்கும், டிரெட்மில் சோதனையில்தான் வெளிவரும். ஆகவே 'ஈசிஜி நார்மல்' என்று ஒரு தாளை மட்டும் கொண்டுவந்தால், நீந்தும்போது மயங்கினான் என்பதை மருத்துவரிடம் சொன்னார்களா என்று கேளுங்கள். அன்று என்ன நடந்தது என்பதை நீங்களே ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்: எத்தனையாவது நீளத்தில், எவ்வளவு வேகத்தில், மயங்குமுன் நெஞ்சு படபடத்ததா, எத்தனை நொடி, கை கால் இழுத்ததா, முகம் வெளிறியதா, மூச்சடக்கும் செட் (தொடர் பயிற்சி) ஏதும் செய்துகொண்டிருந்தானா. குடும்பத்தில் யாராவது சிறு வயதில் திடீரென இறந்தார்களா, நன்றாக நீந்தத் தெரிந்தவர் தண்ணீரில் மூழ்கிப் போனாரா என்பதையும் கேட்டு எழுதுங்கள். கோளாறு உறுதியானால் அண்ணன், தங்கைகளையும் பார்க்கச் சொல்வார்கள்.

மூச்சடக்கும் செட்தான் காரணம் என்று தெரிந்தாலும் மருத்துவரைப் பார்ப்பதை விடாதீர்கள். அதோடு அந்த மாதிரி செட்டுகளைப் பயிற்சியிலிருந்து எடுத்துவிடுங்கள். வேகமாகப் பல முறை மூச்சு இழுத்துவிட்டு முங்கி நீந்தினால் இரத்தத்தில் கரியமிலவாயு குறைந்துவிடும். மூச்செடுக்கத் தூண்டுவது அந்த வாயுதான். தூண்டுதல் வருவதற்கு முன்பே மூளைக்கு ஆக்சிஜன் தீர்ந்துபோய் நினைவு தப்பும். முகம் தண்ணீருக்குள் இருந்து மூச்சும் அடக்கப்பட்டால் இதயத்துடிப்பு தானாகவே இறங்கும் என்பதால், அந்த நேரத்தில் எந்தக் கருவி காட்டும் எண்ணும் உங்களை எச்சரிக்காது.

இனி கருவிகள்.

கம்பியில்லா இதயத்துடிப்புக் கருவியைப் பின்லாந்தின் போலார் நிறுவனம் 1982-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பனிச்சறுக்கு வீரர்களுக்காகத் தொடங்கிய யோசனை அது. வேர்வையில் நனைந்த நெஞ்சு, அருகிலேயே மணிக்கட்டு, நடுவில் காற்று, இதுதான் அதன் உலகம். நீச்சலில் நடுவில் இருப்பது தண்ணீர். பிரச்சினையெல்லாம் அங்கிருந்துதான் வருகிறது.

இன்றைய வாட்ச், ஃபோன், பட்டை எல்லாம் பேசிக்கொள்வது புளூடூத், ஆன்ட் பிளஸ் என்ற கம்பியில்லா முறைகள் வழியாக. இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை. தண்ணீரில் அது சில சென்டிமீட்டர் போவதற்குள் செத்துவிடும். பழைய முறையான 5 கிலோஹெர்ட்ஸ் அலை தண்ணீருக்குள்ளும் ஓரளவு போகும். ஆனால் தூரம் சுமார் ஒரு மீட்டர்தான். ஃப்ரீஸ்டைலில் கை முன்னால் நீண்டிருக்கும்போது வாட்ச் நெஞ்சிலிருந்து விலகிப்போய் எண் விட்டுவிட்டு வரும். வாட்ச்சும் 5 கிலோஹெர்ட்ஸ் வாங்கும் வகையாக இருக்க வேண்டும், பெரும்பாலானவை அப்படி இல்லை. அதனால்தான் நீச்சலுக்கென்று வந்த கார்மின் பட்டைகள் வேறு வழி பிடித்தன: நீந்தும்போது பட்டையே நினைவில் வைத்துக்கொள்ளும், சுவரில் நிற்கும்போதோ வெளியே வந்த பிறகோ வாட்ச்சுக்கு அனுப்பும். நீங்கள் வைத்திருக்கும் பட்டைக்குச் சொந்த நினைவகம் இருக்கிறதா என்று பெட்டியைப் பாருங்கள். இல்லையென்றால் குளத்தில் அதற்கு வேலையே இல்லை, ஓட்டப் பயிற்சிக்குக் கொடுத்துவிடலாம்.

பட்டை நழுவுவதற்குக் காரணம், சுவரை உதைத்துக் கிளம்பும் நொடியில்தான் நீச்சல்காரரின் வேகம் மிக அதிகம். தண்ணீர் நெஞ்சின் மேல்விளிம்பில் புகுந்து பட்டையைச் சுருட்டிக் கீழே தள்ளுகிறது. பெண் பிள்ளைகளுக்கு முழு நீச்சலுடை பட்டையை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும், அவர்களிடம் இந்தத் தொல்லை குறைவு. பையன்களுக்கு, தரையில் கட்டுவதைவிட ஒரு பிடி இறுக்கமாக, மார்புத் தசைக்குச் சரியாகக் கீழே, உள்பக்கத்தில் வழுக்காத ரப்பர் புள்ளிகள் உள்ள பட்டையாகக் கட்டிப் பாருங்கள். அப்படியும் நழுவினால் விட்டுவிடுங்கள். இன்னும் இறுக்கினால் மூச்சு முட்டும், பிள்ளை அதையே நினைத்துக்கொண்டு நீந்துவான்.

பட்டையில் இன்னொரு சிக்கலும் உண்டு. அது தோலில் உண்டாகும் மிகச் சிறிய மின்னழுத்தத்தை அளக்கிறது. குளோரின், உப்புகள் கலந்த குளத்து நீர் மின்சாரத்தைக் கடத்தும். பட்டைக்கும் தோலுக்கும் நடுவே தண்ணீர் ஓடினால் இரண்டு மின்முனைகளும் தண்ணீர் வழியே இணைந்து சமிக்ஞை மங்கிப்போகும். கடலில் இது இன்னும் மோசம். நம் பிள்ளைகளிடம் ஒரு வழக்கம் இருக்கிறது: தலைமுடிக்கும் தோலுக்கும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு குளத்துக்கு வருவது. குளோரினுக்கு நல்ல காப்புதான். ஆனால் நெஞ்சில் எண்ணெய் இருந்தால் மின்முனை தொடாது, பட்டையும் வழுக்கும். பட்டை கட்டும் நாளில் நெஞ்சைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் கட்டச் சொல்லுங்கள்.

மணிக்கட்டு வாட்ச்சின் 84-க்கு வருகிறேன். அது பச்சை ஒளியைத் தோலில் பாய்ச்சி, இரத்தம் ஓடும்போது திரும்பி வரும் ஒளி எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்க்கிறது. நீந்தும்போது சென்சாருக்கும் தோலுக்கும் நடுவில் தண்ணீர் புகுந்து புகுந்து வெளியேறும். குளிர்ந்த நீரில் மணிக்கட்டின் இரத்தக் குழாய்கள் சுருங்கும். இதற்கு மேல் ஒவ்வொரு சுற்றிலும் கை தண்ணீரில் நுழையும்போது ஒரு உலுக்கல், வெளியேறும்போது ஒரு உலுக்கல். இரத்தத்தின் தாளம் மங்கி, உலுக்கலின் தாளம் ஓங்கி இருந்தால் வாட்ச் அதையே துடிப்பு என்று எடுத்துக்கொள்ளும். பையன் நிமிடத்துக்கு 42 சுற்று கை போட்டால் 84 உலுக்கல். உங்கள் 84 அங்கிருந்து வந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அடுத்த முறை அவன் கைச்சுற்றை எண்ணிப் பாருங்கள். வாட்ச்சின் எண் கைவேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கினால் அது இதயத்தைப் படிக்கவில்லை. வாட்ச்சை மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே தள்ளி, இறுக்கமாகக் கட்டினால் கொஞ்சம் சரியாகும். முழுதாகச் சரியாகாது. அந்த வாட்ச்சுகளை நீளம், நேரம், கைச்சுற்று எண்ணிக்கை ஆகியவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அவற்றை நன்றாகவே செய்யும்.

குளத்தில் நம்பக்கூடிய எண்ணைத் தருவது நெற்றிப்பொட்டு. காகிள்ஸ் பட்டையில் செருகும் ஒளிச் சென்சார்கள் இருக்கின்றன, போலார் வெரிட்டி சென்ஸ் அந்த வகை. தலை கையைப் போல் உலுக்கப்படுவதில்லை, குளிரிலும் அங்கே இரத்த ஓட்டம் அவ்வளவாகக் குறையாது. சென்சாரின் ஒளி தோலைப் பார்த்து இருக்க வேண்டும், இடையில் ஒரு முடிகூட இருக்கக் கூடாது. காகிள்ஸ் பட்டையைக் கேப்புக்கு உள்ளே விட்டால் கேப் அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். இதற்கும் சொந்த நினைவகம் உண்டு. பிள்ளை சுவரில் தலையை நிமிர்த்தி நிற்கும்போது ஃபோனில் எண்ணும் தெரியும். ஒளிச் சென்சார் சில நொடிகளின் சராசரியைத்தான் காட்டும் என்பதால், தொட்டவுடன் பார்த்த எண்ணை எழுதாமல், தொட்டபின் வரும் மிக உயர்ந்த எண்ணை எழுதுங்கள்.

அடுத்து அந்த 15 வயதுப் பெண். அவள் மீது எந்தத் தவறும் இல்லை. தயவுசெய்து 205 என்ற எண்ணை அவளிடம் இனிச் சொல்லாதீர்கள்.

220-இல் வயதைக் கழிப்பது 1970-களின் தொடக்கத்தில் புழக்கத்துக்கு வந்த தோராயக் கணக்கு. ஒரே வயதுள்ள இருவருக்கு உச்சத் துடிப்பு 20 வித்தியாசப்படுவது சாதாரணம். அது உடலமைப்பைப் பொறுத்தது, திறமையையோ முயற்சியையோ காட்டாது. அதற்கு மேல், தண்ணீரில் உச்சத் துடிப்பு தரையில் ஓடும்போது வருவதைவிட ஏறக்குறைய 10 முதல் 15 வரை குறைவாகவே இருக்கும். படுத்த நிலையில் இரத்தம் காலில் தேங்காமல் எளிதாக இதயத்துக்குத் திரும்புகிறது. சுற்றியுள்ள நீரின் அழுத்தம் கை கால்களிலிருந்து இரத்தத்தை நெஞ்சுக்குள் தள்ளுகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் அதிக இரத்தத்தை அனுப்புவதால் குறைந்த துடிப்பிலேயே வேலை நடக்கிறது. தண்ணீர் உடம்பைக் குளிர்விப்பதால், தோலுக்கு இரத்தம் அனுப்பும் கூடுதல் சுமையும் இல்லை. முகம் நனைவதும் துடிப்பைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கிறது. ஓட்டத்தில் வேலை செய்யும் கால் தசைகளை ஒப்பிட்டால், நீச்சலில் பெரும்பாலும் உழைக்கும் கையும் தோளும் சிறியவை. இத்தனையும் சேர்ந்தால் 188 அவளுக்கு மிக இயல்பான எண்.

ஒவ்வொரு பிள்ளையின் உச்சத்தையும் தண்ணீரிலேயே அளந்து கொள்ளுங்கள். 800 முதல் 1000 மீட்டர் வார்ம்-அப், நடுவில் மூன்று நான்கு 25 மீட்டர் வேகமாக. பிறகு 200 மீட்டர், பத்துக்கு ஒன்பது பங்கு முயற்சியில். 20 நொடி ஓய்வு. உடனே 100 மீட்டர் முழுப் பலத்தில். தொட்டதும் துடிப்பு. ஒரு வாரம் கழித்து, நன்றாகத் தூங்கி வந்த நாளில், இன்னொரு முறை. இரண்டில் உயர்ந்ததுதான் அவர்களுடைய உச்சம். சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருந்து ஒரு வாரம் ஆகாதவர்களுக்கு இந்தச் சோதனை வேண்டாம். உங்கள் குளத்தில் 40 தாண்டிய பெரியவர்களும் வருவார்கள் என்றால், மருத்துவப் பரிசோதனை இல்லாமல் அவர்களுக்கு இதைச் செய்யாதீர்கள். இரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எடுப்பவர்களுக்குத் துடிப்பு வழக்கமான அளவுக்கு ஏறாது, கீழே சொல்லும் கணக்கு எதுவும் அவர்களுக்குப் பொருந்தாது.

கருவி இல்லாத பிள்ளைகளுக்குக் கை இருக்கிறது. தாடைக்குக் கீழே, குரல்வளைக்குப் பக்கத்தில், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் வைத்து மெல்லத் தொட வேண்டும். ஒரு பக்கம் மட்டும். அழுத்தக் கூடாது, அந்த இடத்தை அழுத்தினாலே துடிப்பு குறையும். கடும் செட் முடிந்தால் இடது மார்பின் மேல் உள்ளங்கையை வைத்தாலே தெரியும், சின்னப் பிள்ளைகளுக்கு அது சுலபம். பத்து நொடி எண்ணி ஆறால் பெருக்குவதுதான் எல்லாக் குளத்திலும் வழக்கம். அதில் இரண்டு ஓட்டைகள். ஒரு துடிப்பு தவறினால் ஆறு தவறும். அதைவிட முக்கியமாக, நீச்சல் நின்றதும் துடிப்பு வேகமாக இறங்கத் தொடங்கிவிடும். விரல் இடம் தேடி ஐந்து நொடி, எண்ணப் பத்து நொடி என்றால் நீங்கள் எழுதுவது உழைத்தபோது இருந்த எண்ணாக இருக்காது.

இதைவிட நல்ல வழி பத்துத் துடிப்புக்கு ஆகும் நேரத்தை ஸ்டாப்வாட்ச்சில் எடுப்பது. ஒரு துடிப்பைப் 'பூஜ்யம்' என்று எண்ணி வாட்ச்சை அமுக்குங்கள், 'பத்து' வரும்போது நிறுத்துங்கள். 600-ஐ அந்த நொடிகளால் வகுத்தால் நிமிடத் துடிப்பு. 3.2 நொடி என்றால் 188, 3.4 என்றால் 176, 3.6 என்றால் 167, 3.8 என்றால் 158, 4.0 என்றால் 150, 4.3 என்றால் 140. இந்த ஆறு எண்களை ஒரு அட்டையில் எழுதி லேமினேட் செய்து சுவரில் மாட்டிவிடுங்கள். 'பூஜ்யம்' சொல்லாமல் 'ஒன்று' என்று தொடங்குவதுதான் எல்லோரும் செய்யும் தவறு, அப்போது ஒன்பது இடைவெளிதான் அளக்கப்படும், எண் ஒன்பதில் ஒரு பங்கு கூடுதலாக வரும். அமுக்குவதில் 0.1 நொடி பிசகினால் ஐந்து துடிப்பு பிசகும். எனவே 167-க்கும் 164-க்கும் வித்தியாசம் இருப்பதாக நினைத்துப் பேச வேண்டாம்.

இந்த எண்களை வைத்துப் பயிற்சியை எப்படிப் பிரிப்பது? உச்சத்திலிருந்து எத்தனை கீழே என்று பார்ப்பது நீச்சலில் பழக்கமான முறை. ஆஸ்திரேலியப் பயிற்சியாளர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்துவது. அந்தப் பெண்ணின் 188-ஐ எடுத்துக்கொள்வோம். 50-க்கும் மேல் கீழே, அதாவது 138-க்குள், வார்ம்-அப்பும் செட்டுக்குப் பின் உடம்பைத் தளர்த்துவதும். 40 முதல் 50 கீழே, 138 முதல் 148, நீண்ட தூர அடிப்படை நீச்சல். 148 முதல் 158, அதே வேலை சற்று அழுத்தமாக. 158 முதல் 168 வாசல் வேகம்: இதற்கு மேல் போனால், கடும் உழைப்பில் தசையில் உண்டாகும் லாக்டேட் வெளியேறுவதைவிட வேகமாகச் சேரும். 168 முதல் 178, போட்டிக்கு உதவும் கடும் செட். அதற்கு மேலே துடிப்பைப் பார்ப்பதில் பயனில்லை, கடிகாரத்தைப் பாருங்கள்.

25, 50 மீட்டர் ஸ்பிரிண்ட்டுக்கும் துடிப்பு உதவாது. உழைப்புக்கு ஏற்ற அளவுக்குத் துடிப்பு ஏற ஒன்றிலிருந்து மூன்று நிமிடம் பிடிக்கும். 50 மீட்டர் அதற்குள் முடிந்துவிடும். கிக் போர்டு செட் (பலகையைப் பிடித்துக் காலால் மட்டும் நீந்துவது), புல் பாய் செட் (கால்களுக்கு நடுவே மிதவை வைத்துக் கையால் மட்டும் நீந்துவது), பட்டர்ஃப்ளை, பிரெஸ்ட் ஸ்ட்ரோக் ஒவ்வொன்றிலும் உழைக்கும் தசைகள் வேறு, துடிப்பும் வேறு. ஃப்ரீஸ்டைலை ஃப்ரீஸ்டைலோடு மட்டும் ஒப்பிடுங்கள். 13 வயதுப் பையனின் 165-ஐ 17 வயதுப் பெண்ணின் 165-ஓடு வைத்துப் பேசுவதும் வேண்டாம், ஒருவருக்கு அது சுகமான வேகம், மற்றவருக்கு மூச்சு முட்டும் வேகம்.

வாசல் வேகத்தைக் கடிகாரத்தாலும் கண்டுபிடிக்கலாம், இரண்டையும் பொருத்திப் பார்த்தால்தான் துடிப்புக்கு அர்த்தம் வரும். ஒரு நாள் 400 மீட்டர் முழு முயற்சி, போதுமான ஓய்வுக்குப் பின்னோ மறுநாளோ 200 மீட்டர். அந்தப் பெண் 400-ஐ 5 நிமிடம் 24 நொடியிலும் 200-ஐ 2 நிமிடம் 34 நொடியிலும் முடிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 170 நொடி, பாதி 85. நூறு மீட்டருக்கு 1 நிமிடம் 25 நொடி அவளுடைய வாசல் வேகம். இப்போது 10 முறை 100 மீட்டர், ஒவ்வொன்றும் 1:25-இல், 15 முதல் 20 நொடி ஓய்வோடு. நான்காவது ஐந்தாவதில் துடிப்பு 158-க்கும் 168-க்கும் நடுவில் போய் நிலைக்க வேண்டும். நேரம் மாறாமல் துடிப்பு மட்டும் 170, 174, 178 என்று ஏறிக்கொண்டே போனால் அந்த வேகம் அவளுக்கு இன்று அதிகம். அடுத்த முறை 1:27-க்கு இறக்குங்கள்.

உங்களுக்கு நான் மிகவும் வற்புறுத்திச் சொல்வது படிப்படியாக ஏறும் 200 மீட்டர் சோதனையை. ஆஸ்திரேலியாவில் 7 முறை 200 செய்வார்கள். உங்கள் பிள்ளைகளுக்கு ஐந்து போதும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கிளம்ப வேண்டும். ஒவ்வொன்றும் முந்தையதைவிட 6 நொடி வேகம். அவளுக்கு 3:05, 2:59, 2:53, 2:47, 2:41. ஒவ்வொன்று முடிந்ததும் நான்கு விஷயம் எழுதுங்கள்: நேரம், துடிப்பு, கடைசி நீளத்தில் எத்தனை கை போட்டாள், பத்துக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவள் சொல்வது. முதல் தடவை துடிப்பு 142, 151, 160, 170, 181 என்று வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வாரம் கழித்து அதே நேரங்களுக்கு 137, 146, 154, 165, 179 வந்தால் பயிற்சி பிடித்திருக்கிறது. அதே வேகம் இப்போது மலிவாக வருகிறது.

கவனமாக இருக்க வேண்டிய இடம் இனிமேல்தான். துடிப்பு குறைந்தாலே முன்னேற்றம் என்று பெற்றோரும் சில பயிற்சியாளர்களும் முடிவு கட்டிவிடுகிறார்கள். 2:53-க்கு 152, 2:47-க்கு 160, கடைசியில் 2:41 வராமல் 2:45, துடிப்பு 171-இலேயே நின்றுவிட்டது, 'பத்துக்குப் பத்து கஷ்டம்' என்கிறாள் என்றால், அது களைப்பு. உடம்பு மேலே ஏற மறுக்கிறது. தூக்கக் குறைவு, பரீட்சைக் காலம், சாப்பிடாமல் காலை ஐந்தரைக்குக் குளத்துக்கு வருவது, இரண்டு வாரம் இடைவிடாமல் கடும் செட், எதுவாகவும் இருக்கலாம். துடிப்பை மட்டும் பார்த்தால் இரண்டு தாளும் ஒன்றுபோலத் தெரியும். பக்கத்தில் நேரமும் அவள் சொன்ன கஷ்ட எண்ணும் இருந்தால்தான் பிரித்துப் பார்க்க முடியும். இப்படி வந்தால் மூன்று நான்கு நாள் மெதுவான நீச்சல் மட்டும் கொடுங்கள். காலையில் கண் விழித்ததும் படுக்கையிலேயே ஒரு நிமிடம் துடிப்பை எண்ணி எழுதும் பழக்கத்தையும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். ஒரு வாரச் சராசரியைவிட 8, 10 கூடுதலாக இரண்டு நாள் வந்தால் களைப்பு தீரவில்லை, அல்லது காய்ச்சலோ சளியோ வரப்போகிறது என்பதன் அறிகுறியாக இருக்கலாம்.

நோட்டில் ஐந்தாவதாக ஒரு விஷயமும் வேண்டும்: தண்ணீரின் வெப்பம். போட்டிக் குளத்துக்கு 25 முதல் 28 டிகிரி என்று உலக நீச்சல் அமைப்பின் விதி சொல்கிறது. கூரையில்லாத குளத்தில் சித்திரை வெயிலில் தண்ணீர் 30-ஐத் தாண்டும், மார்கழிக் காலையில் அது வேறு தண்ணீர். வெதுவெதுப்பான நீரில் அதே வேகத்துக்குத் துடிப்பு கூடும், குளிர்ந்த நீரில் குறையும். மார்கழிச் சோதனையைச் சித்திரைச் சோதனையோடு ஒப்பிட்டு, பிள்ளை பின்தங்கிவிட்டாள் என்று வருத்தப்படாதீர்கள். மிதக்கும் தெர்மாமீட்டர் ஒன்று போதும்.

11 பேருக்கும் வாங்கச் சொல்ல வேண்டாம். சுவரில் எல்லோருக்கும் தெரிகிற பெரிய பேஸ் கிளாக் (நொடி காட்டும் பயிற்சிக் கடிகாரம்) இல்லையென்றால் பணத்தை முதலில் அதற்குச் செலவிடுங்கள். பிறகு நெற்றிப்பொட்டுச் சென்சார் ஒன்று, முடிந்தால் இரண்டு, கிளப்பின் பெயரில். சோதனை நாளில் இரண்டு பேர் அதைப் போட்டுக்கொண்டு கையாலும் எண்ணட்டும். கையெண்ணிக்கை சென்சாரோடு 5-க்குள் ஒத்துவர மூன்று நான்கு வாரம் பழக வேண்டும். அதன்பின் அந்தப் பிள்ளையின் விரலை நம்பலாம், சென்சார் அடுத்த இருவருக்குப் போகட்டும்.

ஒவ்வொரு முறையும் சென்சாரையும் பட்டையையும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவையுங்கள். நெஞ்சுப்பட்டையில் பொத்தான் போல மாட்டியிருக்கும் சென்சார் பகுதியைக் கழற்றி வையுங்கள். ஈரப் பட்டையில் மாட்டியே இருந்தால் அது யாரோ கட்டியிருப்பதாக நினைத்து ஓடிக்கொண்டே இருக்கும், பேட்டரி சீக்கிரம் தீரும். பேட்டரி மாற்றும்போது மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தில் மணலோ முடியோ இல்லையா என்று பாருங்கள், தண்ணீர் உள்ளே போவது அங்கேதான். தண்ணீருக்குள் வாட்ச் பொத்தானை அமுக்க வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள்.

அந்தப் பையனின் அப்பாவிடம் நீங்களே நேரில் பேசுங்கள், ஃபோனில் வேண்டாம். வாட்ச் வாங்கியது அக்கறையால்தான் என்று சொல்லிவிட்டு, மருத்துவரிடம் காட்ட வேண்டிய தாளைக் கையில் கொடுங்கள். மருத்துவர் அனுமதித்து அவன் திரும்பி வரும் நாளில், என்ன செய்யலாம், என்ன கூடாது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மாத்திரை கொடுத்திருந்தால் மேலே சொன்ன துடிப்புக் கணக்கை அவனுக்குப் போடாதீர்கள். அவன் நீந்தும்போது கரையில் ஒருவர் அவனை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். உங்கள் குளத்தில் வேலை செய்யும் எல்லோருக்கும் முதலுதவி மூச்சும் நெஞ்சழுத்தமும் தெரிந்திருக்க வேண்டும், 108-ஐ யார் அழைப்பது என்பதும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். இதற்கு அவன் திரும்பி வரும்வரை காத்திருக்காதீர்கள், இந்த வாரமே ஒரு மாலையை ஒதுக்குங்கள்.